பெடலில் மாமாவின் கால்

மாமனார் வீட்டில் இருப்பதில் அவனுக்குக் கொடுமை என்று ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கொடுமை. சண்டை போடுகிற மாமனாராக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். குத்திக்காட்டுகிற மாமனாராக இருந்தால் ரோஷப்பட்டுக் கிளம்பலாம். உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவரிடம் என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது? ஏழு வருஷமாக அவன் அந்த உள்ளங்கைக்குள்தான் குடியிருந்தான்.

கல்யாணமான மூன்றாம் மாதமே மாமா வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டார். வெளியே யாரோ ஒருவனிடம் கைகட்டி ஸ்பேனர் பிடிக்க வேண்டாம், இங்கேயே பாருங்கள் என்றார். 'மாப்பிள்ளை மெக்கானிக் ஒர்க்ஸ்' என்று போர்டும் அவரே எழுதி மாட்டினார். அன்றிலிருந்து தெரு முழுக்க அவன் மாப்பிள்ளைதான். எண்பது வயதுப் பெரியவரும் மாப்பிள்ளை என்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மாப்பிள்ளை அங்கிள் என்றன. ஒரு முழுத் தெருவுக்கு மாப்பிள்ளையாக இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

போய்விடலாம் என்று அவன் பேச்செடுக்காமல் இல்லை. எடுத்தான். முதல் தடவை, "மாமா, ஒரு விஷயம் பேசணும்" என்று சொன்னதுமே மாமா எழுந்து தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று மாடிக்கு ஓடினார். மறுநாள் கொட்டகைக்கு ஒரு ஏர் கம்ப்ரஸர் வந்து இறங்கியது. இரண்டாம் தடவை நெஞ்சு படபடக்கிறது என்று நடக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் வெல்டிங் செட் வந்தது. மூன்றாம் தடவை சக்கரம் வைத்த பெரிய ஜாக். அந்தக் கொட்டகையில் இருந்த கனமான சாமான் ஒவ்வொன்றும் அவன் சொல்ல வந்து சொல்லாமல் விட்ட ஒரு பேச்சு. மாமா பேச்சைக் கேட்டு மறுத்திருந்தால்கூட அவனுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் கேட்கவே மாட்டார். பேச்சு வருகிற வாசனை தெரிந்ததும் கம்பி நீட்டிவிடுவார்.

இன்றைக்கு அப்படி விட முடியாது. வெளியூரில் ஒரு பஸ் கம்பெனியின் பெரிய பட்டறையில், கியர்பாக்ஸ் பிரிவுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். குடியிருக்க இரண்டு அறை உண்டு. பதில் கேட்டு மதியம் ஒரு மணிக்குப் போன் செய்வார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே மனைவி தணிந்த குரலில் ஒரே போடாகச் சொல்லிவிட்டாள். தணிந்த குரலில் பேச வேண்டியிருந்ததற்குக் காரணம், அவர்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று மாமா ஒரு நாள் கழற்றிக்கொண்டு போனார். நாலு வருஷமாக எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அப்பாகிட்ட நான் சொன்னா அவர் அழுவார், அதப் பாத்து நானும் அழுவேன், அப்புறம் இன்னும் ஏழு வருஷம் ஓடிடும். நீங்கதான் சொல்லணும். அவருக்குத் தெரியாம சரின்னு சொல்றதும் வேண்டாம், அது திருட்டுத்தனம். ஒரு மணிக்குள்ள நீங்க சொல்லலைன்னா, வரலைன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"நீ சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன். சொல்லிட்டு அதோட வாய மூடிக்குவேன். நீங்களும் மூடிக்கணும்."

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்துகிற கை. சொன்னால் செய்வாள்.

ஆகவே அவன் காலை எட்டரைக்கே காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வந்திருந்தது டிரைவிங் ஸ்கூல் வண்டி. அந்த ஸ்கூல் அம்மா நல்ல மாதிரி; அவளிடம் படிக்கிறவர்கள்தான் கிளட்ச் பெடலைக் கால் வைக்கிற மணையாக நினைத்துக்கொள்வார்கள். முழுசாக மிதிக்கவும் மாட்டார்கள், முழுசாக விடவும் மாட்டார்கள். ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகி, வண்டி உறுமும், நகராது. இரண்டு மணிக்கு வண்டி வேண்டும், புதுசாகச் சேர்ந்த நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லிப் போயிருந்தாள்.

நாலு ஸ்டாண்டின் மேல் வண்டியை நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கிப் பழைய பிளேட்டை எடுக்கிறவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. புதுசு மாட்டுவதில்தான் நுணுக்கம். என்ஜின் முனையில் ஒரு கனத்த சக்கரம் இருக்கும். அதன் மேல் கிளட்ச் பிளேட்டை வைத்து, அதற்கு மேல் மூடி மாதிரி பிரஷர் பிளேட்டை வைத்து ஆறு போல்ட்டால் முடுக்குவார்கள். முடுக்கிவிட்டால் உள்ளே இருக்கிற பிளேட் இம்மி அசையாது, நசுங்கினாற்போல் மாட்டிக்கொண்டிருக்கும். ஆனபடியால் முடுக்குவதற்கு முன்பே பிளேட்டின் நடு ஓட்டை என்ஜினின் நடு ஓட்டைக்கு நேராக இருந்தாக வேண்டும். அப்போதுதான் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் இரண்டு ஓட்டைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். நேர் பிடிப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் குச்சி உண்டு. அதற்குக் கொட்டகையில் சென்டர் குச்சி என்று பெயர். அதை இரண்டு ஓட்டைக்கும் ஊடே சொருகிவைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கடைசியில் குச்சியை உருவ வேண்டும்.

அவன் குச்சியைச் சொருகினான். ஆறு போல்ட்டையும் விரலால் திருகி நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

"சொல்லிட்டீங்களா?"

"இரு" என்று வெளியே ஊர்ந்து வந்து, கேட் வரைக்கும் நடந்து போய், "இன்னும் இல்ல" என்றான்.

"மணி பத்தரை."

"தெரியும். வேலைல இருக்கேன். கிளட்ச்."

"அந்தக் கிளட்ச் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று வைத்துவிட்டாள்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தபோது அவன் மனசு வண்டிக்கடியில் இல்லை. மாமாவிடம் எப்படி ஆரம்பிப்பது, மாமா என்று ஆரம்பிப்பதா, நேராக விஷயத்துக்கு வருவதா என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போல்ட்டுகளை முடுக்கினான். குச்சியைக் காணோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. உருவிவிட்டோம் போலிருக்கிறது என்று கை தானாக அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

பிறகு கியர்பாக்ஸை ஜாக்கில் ஏற்றி, தூக்கி, தள்ளினால், ஒரு விரற்கடை பாக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆட்டினான். திருகினான். வயிற்றின்மேல் தாங்கிக்கொண்டு முழங்காலால் முட்டுக் கொடுத்துத் தள்ளினான். மேலே ஒரு முழம், இந்தப் பக்கம் ஒரு முழம், அவ்வளவுதான் இடம். மூச்சு விட்டால் அது வண்டியின் வயிற்றில் பட்டு முகத்துக்கே திரும்பி வந்தது. அரை மணி நேரம் அந்தக் கனத்துடன் மல்லுக்கட்டிவிட்டு, பிளேட் நேராக இல்லை என்று ஒரு வழியாக ஒப்புக்கொண்டான். டார்ச்சைத் தேடி டிராயரைத் திறந்தால், சென்டர் குச்சி அதன் உறைக்குள், உறையின் வாய் மடிக்கப்பட்டு, படுத்திருந்தது. துடைத்திருந்தது. அவன் அதை ஒரு நாளும் துடைத்தவனில்லை.

மாமா முப்பத்துநாலு வருஷம் ஓர் அலுவலகத்தின் கோப்பு அறையில் வேலை பார்த்தவர். கட்டி, அடுக்கி, ஓரம் தட்டி வைப்பதே உத்தியோகம். எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குத் தாங்காது.

"மாமா, இந்தக் குச்சிய நீங்களா எடுத்தீங்க?"

மாமா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, கழற்றிய நட்டுகளை அளவு வாரியாக டப்பாக்களில் பிரித்துக்கொண்டிருந்தார். "ஆமா மாப்ளே. நீங்க போன் பேசப் போனீங்க. குனிஞ்சு பாத்தா அது பாட்டுக்கு நீட்டிட்டு இருக்கு. எங்கயாவது விழுந்து தொலைஞ்சிடப் போகுதேன்னு உருவி, தொடைச்சு, பத்திரமா வெச்சேன். ஏன், வேணுமா?"

ஒன்றரை மணி நேர வேலை பாழ். குச்சியை உருவிய நிமிஷமே பிளேட் தன் கனத்தில் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். அதை அப்படியே வைத்து இவன் இறுக்கி முடுக்கிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் கொட்டகைத் தகரம் பறக்கிற மாதிரி கத்தியிருப்பான்.

"இல்ல மாமா. பரவாயில்ல" என்றான்.

இந்தப் 'பரவாயில்ல'தான் அவனுடைய நோய். தாழ்ப்பாள் போனபோது பரவாயில்ல. அவன் சட்டைகளை மாமா துவைத்து, நிறவாரியாக அடுக்கி, எதை எந்தக் கிழமை போடுவது என்று வரிசைப்படுத்தியபோது பரவாயில்ல. மூன்று வருஷத்துக்கு முன் மாமி இறந்த பிறகு, காலை ஐந்தரைக்கு மாமா இருவருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களிடம் பேச ஆரம்பித்தபோதும் பரவாயில்ல. அவரை எப்படிக் கோபிப்பது? கோபித்துக்கொள்ள இடம் கொடுக்காத மனிதர்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மறுபடி எல்லாவற்றையும் இறக்கிப் போட நேரம் இல்லை. மணி பன்னிரண்டு. ஒரு குறுக்கு வழி உண்டு. பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் தன் பிடியைத் தளர்த்தும். சிக்கியிருக்கிற கிளட்ச் பிளேட் அந்தக் கொஞ்ச நேரம் சுதந்திரமாகத் தொங்கும். அப்போது ஷாஃப்டைத் தூக்கித் தள்ளினால் பிளேட் தானாக ஷாஃப்டுக்கு வாகாக நகர்ந்து வழிவிடும். அதற்கு மேலே ஓர் ஆள் பெடலில் உட்கார வேண்டும். அந்த உத்தியோகம் மாமாவுடையது. ஸ்பேனரின் எந்த முனையைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது, ஆனால் பெடல் மிதிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிதிங்க என்றால் மிதிப்பார். விடுங்க என்றால் விடுவார். நடுவில் பூகம்பம் வந்தாலும் அசைய மாட்டார்.

கியர்பாக்ஸ் விழாமல் தாங்க இரண்டு நீள போல்ட்டுகளை மாட்டி, பெடலிலிருந்து வருகிற கேபிளையும் இணைத்துவிட்டு, "மாமா, கொஞ்சம் வர்றீங்களா?" என்றான். மாமா கையைத் துடைத்து, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வண்டி நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

"மிதிங்க மாமா."

மிதித்தார். கீழே இவன் ஜாக்கை ஒரு தட்டு ஏற்றி, கியர்பாக்ஸை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உந்தினான். டொக். விரற்கடை மறைந்தது. கழுத்து நரம்பு வரைக்கும் அவனுக்கு ஒரு நிம்மதி.

"விடுங்க மாமா. உக்காந்துடுச்சு."

"நான் சொல்லல? மிதிக்கிற விதத்துல மிதிக்கணும் மாப்ளே" என்றார் மாமா மேலிருந்து. அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எல்லா போல்ட்டையும் முடுக்கி முடித்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. ஒரு சின்ன வேலை பாக்கி. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் கைக்கடிகார அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக ஓர் இரும்புக் கரம் வெளியே வரும். அதற்கு ஃபோர்க் என்று பெயர். பெடலை மிதித்தால் கேபிள் அந்தக் கரத்தை இழுக்கும், கரம் ஜன்னலின் ஓரம்வரை சாயும், உள்ளே கிளட்ச் விடுபடும். ஃபோர்க்கின் உள்முனையில் ஒரு கம்பிக் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்குள் இடது கையின் இரண்டு விரலை நுழைத்தான். அதில் ஒன்று மோதிர விரல். கல்யாண மோதிரம், விரல் தடித்துப்போய்க் கழற்ற வராது. வலது கை வண்டியின் அடியில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளிப் சரியாக இருந்தது.

அப்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாமா மேலே உட்கார்ந்திருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல நேரம் வராது.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"மிதிக்கட்டுமா மாப்ளே?" என்றார் மாமா. சொன்ன கையோடு மிதித்தும் விட்டார்.

பேச்சு வருகிற வாசனைதான். எழுந்து ஓட வழியில்லை, ஆகவே இருந்த வேலையைச் செய்தார். ஃபோர்க் சாய்ந்து அவன் இரண்டு விரலையும் ஜன்னலின் ஓரத்தோடு வைத்து அழுத்தியது. ஒரு கணம் கண்ணில் பூச்சி பறந்தது. பிறகுதான் புரிந்தது: விரல் நசுங்கவில்லை. மோதிரம் குறுக்கே நின்று இரும்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கையை உருவ முடியாது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது.

"பெடல் முழுசா இறங்க மாட்டேங்குது மாப்ளே. ஏதோ தடுக்குது."

"என் கை மாமா! கை மாட்டிக்கிச்சு!"

"ஐயையோ!"

'விடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தும்விட்டான். அதற்குள் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. மாமாவின் குரலில் ஓர் உயிர் வந்தது. "போன் அடிக்குது மாப்ளே, நான் போய் எடுத்துட்டு அப்படியே யாரையாவது கூட்டிட்டு..."

போகப் போகிறார். இதோ கதவு திறக்கும், இறங்கி ஓடுவார், டாக்டர், கட்டு, பதற்றம், அடுத்த வாரம் ஒரு புது மிஷின். மணி பன்னிரண்டே முக்கால்.

"விடாதீங்க!" என்று கத்தினான். "காலை எடுத்துடாதீங்க மாமா! எடுத்தீங்கன்னா இரும்பு திரும்பி வந்து விரல வெட்டிடும்! அப்படியே மிதிச்சுட்டே இருங்க!"

இது பச்சைப் பொய். காலை எடுத்தால் விரல் விடுபடும், அவ்வளவுதான். ஆனால் மாமாவுக்கு அது தெரியாது.

"விடல மாப்ளே. விடவே மாட்டேன்" என்றார். மேலே இருக்கை நெரிந்தது. போன் அடித்து ஓய்ந்தது.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மாமா ஓர் இடத்தில் இருந்தார். தன் கையை அடகு வைத்து அவரை உட்காரவைத்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தைப் பிறகு பட்டுக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"மாமா, எனக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. பஸ் கம்பெனி பட்டறை. நாங்க ரெண்டு பேரும் அங்க குடி போகப் போறோம்."

ஃபோர்க் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கை வலிக்குதா மாப்ளே?"

"இல்ல. நான் சொன்னது கேட்டுச்சா?"

"வண்டியத் தூக்குற லிஃப்ட் ஒண்ணு இருக்காமே. ஆள் படுக்கவே வேண்டாமாம், நின்னுட்டே வேலை பாக்கலாமாம். நான் விசாரிச்சு வெச்சிருக்கேன். அது இருந்திருந்தா இப்ப இப்படி..."

"லிஃப்ட் வேண்டாம் மாமா."

"சின்னதா வேண்டாம், பெருசாவே..."

"மாமா."

அவன் இப்படிக் குரலை உயர்த்தி அவரைக் கூப்பிட்டதே இல்லை. அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"எப்ப?" என்று கேட்டார் மாமா.

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி."

"அவளுக்கும் சம்மதமா?"

"அவதான் சொல்லச் சொன்னா."

"ஓ" என்றார் மாமா. மகளும் சேர்ந்துதான் என்று கேட்டது அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும்.

"நாங்க மாசா மாசம் வருவோம் மாமா. நீங்களும் வாங்க. வந்து எங்களோட இருங்க."

"எத்தனை ரூம்?"

"ரெண்டு."

"ரெண்டு ரூமுக்கு நானும் வந்து உக்காந்தா அப்புறம் எதுக்கு மாப்ளே போறீங்க? தாழ்ப்பாள் போட முடியாதே."

கீழே படுத்திருந்தவனுக்குக் காது சுட்டது. தெரிந்தேதான் கழற்றினாரா? தெரிந்தேதான் நாலு வருஷம் எண்ணெய் போட்டாரா? கேட்கத் தோன்றவில்லை. அவர் குரலில் குற்றம் இல்லை, எக்களிப்பும் இல்லை. ஒரு கோப்பில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கு மூணு டம்ளர் டீ போடத்தான் தெரியும்" என்றார் பிறகு. "ஒருத்தருக்கு எவ்வளவு தண்ணி வெக்கணும்னு தெரியாது. அத மட்டும் அவகிட்ட கேட்டு எழுதி வெச்சிடுங்க."

வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும். போயிற்று. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

அப்போதுதான் விரலில் ஓர் அதிர்வு தெரிந்தது. ஃபோர்க் நடுங்கியது. மோதிரத்தில் இரும்பு பட்டுப் பட்டு டிக் டிக்கென்று சத்தம். மாமாவின் கால் ஆடுகிறது. அறுபத்தெட்டு வயது, இடது முழங்காலில் வாதம் வேறு. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர். அந்தக் காலால்தான் பத்து நிமிஷமாகப் பெடலை அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, போதும். விடுங்க."

"விட மாட்டேன்."

"பரவாயில்ல மாமா, விடுங்க. ஒண்ணும் ஆகாது."

"எனக்குத் தெரியும் மாப்ளே. என் கால் நடுங்குறது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்காக உங்க விரலக் குடுக்கப் பாக்கறீங்க. நீங்க அப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாதா? நான் மரத்துப் போனாலும் விட மாட்டேன். அவ அஞ்சு மணிக்கு வந்துடுவா, அதுவரைக்கும் பிடிப்பேன்."

"இல்ல மாமா, நிஜமாவே விடலாம்!"

"கத்தாதீங்க. கத்தினா வலி கூடும்." இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டார் போலிருக்கிறது, டிக் டிக் நின்றது, பிடி இன்னும் இறுகியது.

தான் பின்னிய வலையில் தானே விழுந்து கிடந்தான். எத்தனை தடவை விடுங்க என்றாலும் அவர் அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்துவார். ஏழு வருஷமாக நல்ல மாப்பிள்ளையாகவே இருந்துவிட்டால் இப்படித்தான். உண்மையைச் சொன்னால் தவிர அங்கிருந்து வெளியே வர வழி இல்லை.

"மாமா, நான் பொய் சொன்னேன்."

"என்ன?"

"பொய் சொன்னேன் மாமா. மன்னிச்சுடுங்க."

மாமா அடுத்துக் கேட்ட குரலில் அத்தனை ஆசை இருந்தது. ஒரு குழந்தை கேட்டிருந்தால்கூட அவ்வளவு ஆசை இருந்திருக்காது.

"எது பொய் மாப்ளே? கையா? ஊருக்குப் போறதா?"

வழி திறந்துதான் இருந்தது. போறதுதான் மாமா, சும்மா சொன்னேன் என்று ஒரு வாக்கியம். மாமா சிரிப்பார். சாயங்காலம் லிஃப்ட்காரனுக்குப் போன் செய்வார். மனைவி ஒரு மணிக்கு வரலைன்னு சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். நாளைக் காலை ஐந்தரைக்குக் கதவு திறக்கும். அந்த வாக்கியம் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றதை மறுக்க முடியாது.

"கை" என்றான். "கை மட்டும்தான் மாமா. நீங்க காலை எடுத்தா விரல் வெளிய வந்துடும். அப்பவே விடுங்கன்னு சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னுதான்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. மேஜைமேல் மறுபடி போன் அடிக்க ஆரம்பித்தது. மணி ஒன்றாகியிருக்கும், பஸ் கம்பெனிதான். இருவரும் அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெடல் மேலே வரவில்லை.

"மாப்ளே."

"மாமா."

"இன்னும் ரெண்டே நிமிஷம் இப்படியே பிடிச்சிருக்கேன். அப்புறம் விட்டுடறேன்."

இரும்பு மோதிரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. விரல் மரக்க ஆரம்பித்திருந்தது. அவன் கையை இழுக்கவில்லை.

"பிடிச்சுக்குங்க மாமா" என்றான்.